பழைய துப்பாக்கியும் பழகிய கையும்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலும் இலண்டன் மாநகரிலும் 19ஆம் நூற்றாண்டில் உருவான இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன. நூறாண்டைக் கடந்த அக்கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தனிக்குணம் உண்டு. அவற்றுள் பொறுக்கத் தக்கவை எவை, பொறுக்கத் தகாதவை எவை எனப் பிரித்தறிய அவற்றின் வரலாறே துணை செய்கிறது.

முன்னாளில் குழலின் வாய்வழியாகவே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டித்தனர். குழலை மடக்கித் திறந்து, பின்புறமாகத் தோட்டாவை இடும் முறையைப் பிரெஞ்சு வினைஞர் கசிமீர் லெஃபோஷே 1830களில் உருவாக்கினார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பெரும் பொருட்காட்சியில் அவருடைய துப்பாக்கியைக் கண்ட ஆங்கில வினைஞர் அம்முறையைத் தழுவினர். அத்தோட்டாவின் பக்கத்தில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை அதன்மேல் விழுந்தால் தோட்டா வெடிக்கும். வேறொன்று அவ்வூசியில் மோதினாலும் வெடிக்கக்கூடும் ஆதலால், தோட்டாக்களைச் சுமப்பதற்கே தனி எச்சரிக்கை வேண்டியிருந்தது.

பின்னர்த் தோட்டாவின் அடிநடுவைத் தாக்கும் முறை பரவியது. தொடக்க காலத் துப்பாக்கிகளில், சுட்டபின் குதிரை முன்சாய்ந்தே நிற்கும். தாக்கூசி தோட்டாவில் பதிந்திருக்கும். குதிரைகளைப் பாதியளவு பின்னுக்கு இழுத்த பிறகே குழலைத் திறக்க வேண்டும். மறந்து வலிந்து திறந்தால் தாக்கூசி பழுதாகும். 1867இல் ஸ்டாண்டன் காப்புரிமை பெற்ற அமைப்பில் குதிரை தானே பின்வாங்கியது. 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சன், டீலி இருவரும், குழலைத் திறக்கும்போதே உள்ளிருக்கும் குதிரைகள் நாணேறும் அமைப்பைக் கண்டனர்.

இத்தகைய குணங்களைப் பழக்கத்தால் வெல்லலாம். பழக்கத்துக்கு அடங்காதவையும் உள. கீல் தேய்ந்து, குழலுக்கும் பின்முகத்துக்கும் இடையே இடைவெளி தோன்றுவது ஒன்று. ஒரு விசையை அழுத்த இரு குழல்களும் வெடிப்பது மற்றொன்று. எளிதில் புலப்படாதது தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலேய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் அது 2½ அங்குலமே. இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதனுள் தடையின்றி நுழைந்துவிடும். ஏனெனில் அந்த அளவு, முனை மடிப்பு விரிந்தபின் உள்ள நீளமாகும். வெடிக்கையில் மடிப்பு முழுதும் விரிய இடமின்றி அழுத்தம் உயரும். பொருந்துவதுபோல் தோன்றுவதே இங்குக் கேடாகிறது.

இக்கேட்டைத் தடுக்கவே சோதனைச் சாலைகள் உள்ளன. இலண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கமான அழுத்தத்தினும் மிகுந்த அழுத்தத்தில் வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை இடுவர். தேய்வாலோ கடைசலாலோ குழலின் உள்ளளவு வரம்பு மீறினால் பழைய முத்திரை செல்லாது. மறுசோதனையின்றி அதனை விற்பது அந்நாட்டில் குற்றம்.

நெடுநாள் பழகியவருக்குக் கருவியின் குறை குறையாகவே தோன்றுவதில்லை. ஆகையால் உரியவரின் நம்பிக்கையைவிட அளவுகோலின் சொல்லே வலிது. முதியவரின் முன்கோபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்தம் நோயைக் கண்டும் காணாதிருத்தல் ஆகாது.