மன்னார்க் கடலும் இயந்திரத்தின் தாங்குவலுவும்

1950களின் இறுதியில் இலங்கையில் 3.5 டன் டீசல் படகுகள் வரத் தொடங்கின. பின்னர் கண்ணாடிநார்ப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் மன்னார்த் தீவின் பேசாலை, தலைமன்னார்க் கரைகளில் பாய்மர வள்ளங்களின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. இப்படி இயந்திரத்தை நம்பிக் கடலுக்குப் போகும்போது தெரிவது ஒன்றுதான்: இயந்திரத்தின் வலு அது எட்டும் உச்சத்தில் இல்லை, நாள்தோறும் தாங்கும் அளவில்தான் இருக்கிறது. ஒரே டீசல் இயந்திர பிளாக்கை உல்லாசப் படகுக்குக் கூடுதல் குதிரைவலுவிலும், மணிக்கணக்கில் சுமையிழுக்கும் தொழிற்படகுக்குக் குறைந்த வலுவிலும் உற்பத்தியாளர்களே மதிப்பிடுகிறார்கள். உப்புப் படிந்து குளிர்நீர் வழி அடைபட்டால் இயந்திரம் சூடேறி, பெரும்பாலும் வார்ப்பிரும்பு பிளாக்குக்கு முன்பே ஹெட் கேஸ்கட் போய்விடும்.

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் படகு இயந்திரங்களின் குதிரைவலுவுக்கு விதித்த கட்டுப்பாடு மீனவரை முடக்கியதே, கூடிய வலு வேண்டாமா என்று கேட்கலாம். நிச்சயம் வேண்டும். ஆனால் சிறிய இயந்திரத்தைக் கசக்கிப் பெறும் வலு காற்றெழும் நாளில் கைவிடும். பெரிய இயந்திரத்தை அடக்கி ஓட்டுவதே மீனவரைக் கரை சேர்க்கும்.