அலங்கார மெழுகுவர்த்தி: உருவமும் ஒளியும்

அலங்கார மெழுகுவர்த்தி என்பது பூ, பழம், விலங்கு, பொம்மை, எண் முதலிய உருவங்களில் வார்க்கப்படும் மெழுகுவர்த்தி ஆகும். இது வெளிச்சத்துக்காக மட்டும் வாங்கப்படுவதில்லை. பிறந்தநாள், திருமணம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய நாள்களில் பரிசாகவும் கொடுக்கப்படுகிறது. பலர் இவற்றைக் கண்ணாடி அலமாரியில் சேர்த்து வைக்கின்றனர். அவ்வாறு சேர்த்தவற்றை ஒருநாள் ஏற்றிவிடுவதா, அப்படியே வைத்திருப்பதா என்ற கேள்வி பின்னர் எழுகிறது. சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியைப் பற்றி எவரும் இவ்வாறு யோசிப்பதில்லை. இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய விளக்கின் வரலாற்றையும் மெழுகின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்கள் இதற்கு நல்ல சான்றுகளைத் தருகின்றன.

விளக்கு மரபு

தமிழ்நாட்டின் பழைய விளக்குகளில் உருவம் வேறு, எரிபொருள் வேறு. அகல் விளக்கு மண்ணால் ஆனது. குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, அன்ன விளக்கு, யானை விளக்கு ஆகியவை பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆனவை. இவற்றில் நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய், இலுப்பை எண்ணெய், நெய் ஆகியவை எரிந்தன. எண்ணெய் தீர்ந்தால் மீண்டும் ஊற்றலாம், திரி கருகினால் வேறு திரி இடலாம். விளக்கின் உருவத்துக்கு எதுவும் நேராது.

கையில் அகல் ஏந்தி நிற்கும் பெண்ணின் உருவம் பாவை விளக்கு எனப்படும். நாயக்கர் காலத்தில் இவ்வகை விளக்குகள் தென்தமிழகத்தில் மிகுதியாகச் செய்யப்பட்டன. அவற்றுள் சில பாவைகளின் தோளில் கிளி அமர்ந்திருப்பதைக் காணலாம். பல தலைமுறைகள் எண்ணெய் ஊற்றி ஏற்றிய பின்னும் பாவையும் கிளியும் அப்படியே நிற்கின்றன.

எரிந்து தீர்வதை மீண்டும் நிரப்புவதற்கு நம் முன்னோர் பெரிய ஏற்பாடுகளே செய்திருந்தனர். கோயிலில் இடைவிடாது எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டதைக் காண்கிறோம். ஆடுகளைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். இந்த ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. இறந்த ஆட்டுக்கு ஈடாக மந்தையில் பிறந்த குட்டி எண்ணிக்கையில் சேர்வதால் கொடை என்றும் குறையாது என்பது இதன் பொருள்.

மாவிளக்கு

உருவமும் எரிபொருளும் பிரிந்தே இருந்த இம்மரபுக்கு ஒரு விலக்கு உண்டு. அது மாவிளக்கு. ஊறவைத்த பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, நடுவில் குழித்து, நெய் விட்டுத் திரியிட்டு ஏற்றுவர். மாரியம்மன் கோயில்களிலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளுக்கும் இது படைக்கப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை என்னும் குன்றில் உள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருங்கூட்டம் கூடும்.

மாவிளக்கு மலையேறியதும் அந்த மாவையே பிரசாதமாகப் பகிர்ந்து உண்பர். விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘மலையேற்று’, ‘குளிரவை’ என்று சொல்வது வழக்கம். விளக்கு அழிவதாகச் சொல்ல மனம் ஒப்பாததையே இச்சொற்கள் காட்டுகின்றன. ஆயினும் மாவிளக்கை எடுத்து வைத்துக்கொள்ள எவரும் நினைப்பதில்லை. அது அன்றே எரிந்து, அன்றே உண்ணப்பட வேண்டியது.

தேன்மெழுகும் வார்ப்பும்

மெழுகு இப்பகுதிக்குப் புதிய பொருள் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள மலைகளில் வாழும் பளியர்கள் பாறைகளிலும் மரங்களிலும் தேன் எடுப்பதில் தேர்ந்தவர்கள். தேனைப் பிழிந்த பின் எஞ்சும் அடையை உருக்கினால் தேன்மெழுகு கிடைக்கும். இது ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும்.

இந்த மெழுகுக்குத் தமிழ்நாட்டில் இருந்த முக்கியமான பயன் சிலை வார்ப்பு ஆகும். தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து இளக்கி, சிற்பி முதலில் மெழுகிலேயே சிலையைச் செய்வார். அதன்மேல் மண் பூசிக் காயவைத்துச் சூடாக்குவார். மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். திருமேனிகளும் பாவை விளக்குகளும் இம்முறையில் வார்க்கப்பட்டன. மெழுகில் அமைந்த முதல் உருவம் அழிந்தால்தான் உலோக உருவம் பிறக்கும். மெழுகு உருவத்தைக் காப்பாற்ற நினைத்தால் சிலை இல்லை.

மெழுகுவர்த்தியின் வருகை

ஐரோப்பாவில் ஏழைகள் விலங்குக் கொழுப்பில் செய்த மெழுகுவர்த்தியையும், தேவாலயங்களும் செல்வர்களும் தேன்மெழுகுவர்த்தியையும் பயன்படுத்தினர். கொழுப்பு மெழுகுவர்த்தி புகையும் நாற்றமும் மிக்கது. 19-ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் கொழுப்பின் அமைப்பை ஆராய்ந்து, கெட்டியாக எரியும் ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்தெடுக்க வழி கண்டார். 1825-இல் காம்பசெரஸ் என்பவர் பின்னிய பருத்தித் திரியை அறிமுகம் செய்தார். இத்திரி எரியும்போது நுனி வளைந்து தானே எரிந்து போவதால், அடிக்கடி கத்தரிக்கும் வேலை குறைந்தது. 1834-இல் இங்கிலாந்தில் ஜோசப் மார்கன் மெழுகுவர்த்தி வார்க்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1850-களுக்குப் பின் பாரஃபின் மெழுகு மலிவாகக் கிடைத்தது.

இந்தியாவுக்கு வேண்டிய பாரஃபின் மெழுகு பின்னர் பர்மா எண்ணெய் வயல்களிலிருந்தும், 1901-இல் தொடங்கிய அசாமின் திக்பாய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் கிடைத்தது. கச்சா எண்ணெயிலிருந்து வந்ததால் இதில் விலங்குக் கொழுப்பு இல்லை. எனவே கொழுப்பு மெழுகுவர்த்தி நுழைய முடியாத வீடுகளிலும் இது நுழைந்தது.

மெழுகுவர்த்தியின் துணைப்பொருளான தீப்பெட்டியும் இப்பகுதிக்கு அருகிலேயே செய்யப்பட்டது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். தீக்குச்சியின் முனையும் பாரஃபின் மெழுகில் நனைக்கப்படுகிறது. மருந்தில் பற்றிய தீ மரக்குச்சிக்குத் தாவுவதற்கு அந்த மெழுகே உதவுகிறது.

உருவங்களின் வரவு

மெழுகு மலிவானதும் அதை விதவிதமான அச்சுகளில் வார்ப்பது எளிதாயிற்று. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் காணப்படுகிறது. அது உலகெங்கும் பரவியபோது எண் வடிவ மெழுகுவர்த்தி, நீரில் மிதக்கும் மெழுகுவர்த்தி, தாமரை போல விரிந்து இசை எழுப்பும் மெழுகுவர்த்தி எனப் பல வகைகள் வந்தன. ஊதி அணைத்தாலும் மீண்டும் பற்றிக்கொள்ளும் மெழுகுவர்த்தியின் திரியில் மக்னீசியத் தூள் சேர்க்கப்பட்டிருக்கும். அணைந்த திரியின் கங்கு அத்தூளைப் பற்றவைக்க, அது மெழுகின் ஆவியைப் பற்றவைக்கிறது.

விளக்கை வாயால் ஊதக் கூடாது என்பது தமிழ் வீடுகளின் பழக்கம். பூவால் ஒற்றியோ, ஒரு சொட்டுப் பால் விட்டோ குளிரவைப்பர். இதனால் பிறந்தநாளில் மெழுகுவர்த்தியை ஊதுவதை இன்றும் சில வீட்டுப் பெரியவர்கள் விரும்புவதில்லை.

செய்முறை எளிது. பாரஃபின் கட்டிகளை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, சிறிது ஸ்டியரிக் அமிலம், சாயம், வாசனை சேர்த்து, திரி பொருத்திய அச்சில் ஊற்றுவர். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும். அதை மீண்டும் நிரப்ப வேண்டும். குறைந்த முதலீட்டில் வீட்டிலேயே செய்யலாம் என்பதால் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இது பயிற்சியாகக் கற்பிக்கப்படுகிறது.

மின்விளக்கும் மின்வெட்டும்

1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் தென்மாவட்டங்களில் மின்விளக்கு பரவியது. அரிக்கேன் விளக்கும் சிம்னி விளக்கும் மெல்ல மறைந்தன. மெழுகுவர்த்தி மட்டும் மின்தடைக்கான சேமிப்பாக அடுக்களை மாடத்தில் தங்கியது.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. ராஜபாளையம் போன்ற நூற்பாலை ஊர்களில் இது பிழைப்பையே பாதித்தது. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டது முதல் அவ்வூரின் வாழ்க்கை நூலோடு பிணைந்தது. மின்வெட்டு இரவுகளில் பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தனர். வெள்ளை மெழுகுவர்த்தி தீர்ந்தபோது அலமாரியிலிருந்த ஆப்பிளையும் ரோசாவையும் எடுத்து ஏற்றிய வீடுகளும் உண்டு. அப்போதுதான் அவை விளக்காகப் பயன்பட்டன.

சேர்த்து வைத்தால் என்ன ஆகும்?

அலங்கார மெழுகுவர்த்தியை ஏற்றாமல் வைத்தால் அது என்றும் அப்படியே இருக்கும் என்பது தவறான எண்ணம். பாரஃபின் மெழுகு பொதுவாக 50 முதல் 60 பாகை செல்சியசில் உருகும். ஆனால் அதற்கு வெகுமுன்பே இளகிவிடும். இப்பகுதியின் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழுள்ள அறையில் நீண்ட மெழுகுவர்த்தி தானே வளைந்து சாயும். சூரிய ஒளி பட்டால் சாயம் வெளிறும். வாசனை எண்ணெய் ஆவியாகிக் குறையும். மேற்பரப்பில் வெண்படலம் படியும், தூசி ஒட்டும். சில ஆண்டுகளில் அது பார்வைக்கும் உதவாது, பரிசுக்கும் உதவாது.

ஏற்றினாலும் எல்லா உருவங்களும் ஒழுங்காக எரிவதில்லை. திரி நடுவில் மட்டும் இருப்பதால் பொம்மையின் கை, பறவையின் சிறகு ஆகியவை எரியாமல் உருகி வழியும். உருவம் எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு விரைவாகக் குலையும். ஆகவே ஏற்றுவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

வழியும் மெழுகைத் தாங்க அகலமான உலோகத் தட்டு அல்லது மண் தட்டில் வைக்க வேண்டும். திரியை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிவிட்டால் கரிப்புகை குறையும். திரைச்சீலை, காகிதம், மின்விசிறிக் காற்று ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியைத் தனியே விட்டுச் செல்லலாகாது. மீண்டும் பற்றும் வகையை நீரில் அமிழ்த்தியபின்பே எறிய வேண்டும். எஞ்சிய மெழுகை உருக்கிப் புதிய திரியிட்டு அகலில் வார்த்தால் மற்றொரு மெழுகுவர்த்தி கிடைக்கும்.

மாணவர்களுக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் நிறுவனத்தில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றியே தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தாவித் திரியைப் பற்றும். எரிவது திரியோ கட்டி மெழுகோ அன்று, மெழுகின் ஆவியே என்பது இதனால் விளங்கும். பெரியவர் ஒருவர் உடனிருக்க இதைச் செய்து பார்க்கலாம்.

ஆண்டாளின் கிளி

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் இடக்கையில் உள்ள கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. பச்சை இலைகளால் உடலும், மாதுளம்பூவால் அலகும், மூங்கில் குச்சியால் காலும் அமைக்கின்றனர். ஒரு கிளியைச் செய்ய ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகிறது. ஒருநாள் மட்டுமே இருக்கப்போகும் உருவம் என்பதற்காக அதன் அலகிலோ சிறகிலோ வேலை குறைவதில்லை. மறுநாள் அது வாடும், வேறொரு கிளி வரும். கிளி நிலைக்காவிட்டாலும் அதைச் செய்யும் கை நிலைக்கிறது.

பாவை விளக்கின் தோளில் உள்ள உலோகக் கிளியும், ஆண்டாளின் கையில் உள்ள இலைக் கிளியும் இருவேறு வகையான பொருள்கள். முன்னது வைத்துக் காப்பதற்கு, பின்னது அன்றன்று செய்து அன்றன்று தீர்வதற்கு. அலங்கார மெழுகுவர்த்தி பார்வைக்கு முன்னதைப் போலத் தோன்றினாலும் பின்னதன் இனத்தைச் சேர்ந்தது. அதில் உருவமே எரிபொருள். அலமாரியில் வெளிறி வளைவதைவிட, வீட்டார் கூடியிருக்கும் ஒரு மாலையில் எரிந்து தீர்வதே அதைச் செய்தவரின் உழைப்புக்கும் கொடுத்தவரின் அன்புக்கும் பொருத்தமானது.