டெங்கி அடுத்து எங்கே பரவும்? கணினிக்கு எப்படித் தெரிகிறது?

புளோக்கின் கீழே தொங்கும் டெங்கி எச்சரிக்கைப் பதாகையைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் என்றால் ஒரு பார்வை. சிவப்பு என்றால் இரண்டு பார்வை. அப்புறம் கண் மறுபடியும் கைத்தொலைபேசிக்குப் போய்விடும்.

ஆனால் அந்தப் பதாகை சொல்வது ஏற்கெனவே நடந்ததை. அடுத்த மூன்று மாதத்தில் என்ன நடக்கும் என்பதுதான் அதிகாரிகளுக்குத் தெரியவேண்டும். அதற்குத் தரவுகளும் கணினி மாதிரிகளும் உதவுகின்றன.

எப்படி? பார்ப்போம்.

முன்கூட்டியே தெரிந்து என்ன பயன்?

கொசு கடித்ததும் காய்ச்சல் வந்துவிடாது. பொதுவாக 4 முதல் 7 நாள் ஆகும். பிறகு மருந்தகம், ரத்தப் பரிசோதனை. உங்கள் பெயர் பட்டியலில் சேர்வதற்குள் ஒரு வாரத்துக்கும் மேல் ஓடியிருக்கும்.

ஏடிஸ் கொசுவுக்கும் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆக, நோயாளிகளை எண்ணி எண்ணி நடவடிக்கை எடுத்தால் கொசு எப்போதும் ஒரு படி முன்னால்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டில் 22,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. 2020இல் அது 35,000ஐத் தாண்டியது. அப்படி ஓர் அலை வரும் என்று சில வாரங்கள் முன்னரே தெரிந்தால், சோதனை அதிகாரிகளைக் கூடுதலாக அனுப்பலாம், மருத்துவமனைகள் தயாராகலாம், மக்களை எச்சரிக்கலாம்.

மாதிரி என்றால் என்ன?

அங்காடி நிலையத்தில் மீ கோரிங் விற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் வரும், மழை பெய்தால் குறையும், பள்ளி விடுமுறையில் கூடும். இதையெல்லாம் மனத்தில் போட்டுத்தான் நாளைக்கு எவ்வளவு மீ வாங்குவது என்று முடிவுசெய்கிறார்.

கணினி மாதிரி செய்வதும் அதுதான். என்ன, அது பல ஆண்டுத் தகவலை வைத்துக் கணக்குப் போடுகிறது.

தேசியச் சுற்றுப்புற வாரியமும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய அத்தகைய மாதிரி பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. மூன்று மாதம் வரை அது முன்னோக்கிப் பார்க்கும். அதற்குக் கொடுக்கப்படுபவை:

- அண்மை வாரங்களில் பதிவான டெங்கிச் சம்பவங்கள்
- வெப்பநிலை போன்ற பருவநிலைத் தகவல்
- கொசுக் கண்காணிப்புத் தகவல்
- மக்கள்தொகை

இவற்றில் எது உண்மையிலேயே கணிப்புக்கு உதவுகிறது, எது சும்மா கூட்டம் சேர்க்கிறது என்று பிரிக்க 'லாசோ' என்ற புள்ளிவிவர முறை பயன்படுகிறது. உதவாததை அது கழித்துவிடும்.

வெப்பநிலைக்கு ஏன் இடம்? சூடு கூடினால் கொசு சீக்கிரம் வளரும். அதன் உடலுக்குள் கிருமியும் வேகமாகப் பெருகும்.

எப்போது சரி, எங்கே?

அதற்கு வேறொரு மாதிரி. பழைய சம்பவங்கள், மக்கள்தொகை, கொசுப் பெருக்கம், சுற்றுச்சூழல் ஆகிய தகவல்களைக் கொண்டு, எந்த வட்டாரத்தில் ஆபத்து அதிகம் என்று காட்டும் வரைபடம். 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்ற இயந்திரக் கற்றல் முறையில் அது உருவாகிறது. ஏராளமான சிறு சிறு முடிவுகளைத் திரட்டி, பெரும்பான்மை என்ன சொல்கிறது என்று பார்க்கும் முறை அது.

உங்கள் புளோக் தாழ்வாரத்தில் தண்ணீரோடு ஒரு கறுப்பு டப்பா இருக்கிறதா? அதுதான் 'கிராவிட்ராப்'. முட்டையிட வரும் பெண் கொசு உள்ளே ஒட்டிக்கொள்ளும். தீவு முழுவதும் கிட்டத்தட்ட 70,000 பொறிகள் உண்டு. மனிதர்களுக்குக் காய்ச்சல் வரும் முன்பே கொசுக்கள் எங்கே கூடுகின்றன என்பதை அவை காட்டிக்கொடுக்கும். தயவுசெய்து அதைக் குப்பைத்தொட்டி ஆக்காதீர்கள்!

கணிப்பு தவறுமா?

தவறும். நாள் தள்ளிப்போகப் போகக் கணிப்பின் பிழையும் கூடும்.

இன்னொரு சிக்கல், மாதிரி பழையதைப் பார்த்துத்தான் கற்கிறது. 2020இல் கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டத்தின்போது எல்லாரும் வீட்டில் இருந்தோம். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. வேலைக்குப் போய்வந்த காலத்துத் தரவில் அப்படியொரு நிலை இல்லவே இல்லை. கிருமியின் வகையும் மாறும். டெங்கிக் கிருமியில் 4 வகை உண்டு. நீண்ட நாள் காணாமல்போன வகை திரும்பினால், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் அதிகம் பாதிக்கப்படுவார்கள்.

கூகலே இதில் அடிபட்டிருக்கிறது. இணையத் தேடல்களை வைத்துச் சளிக்காய்ச்சலைக் கணிக்கும் சேவையை அது 2008இல் தொடங்கியது. 2012-13 பருவத்தில் கணிப்பு, உண்மை நிலவரத்தைவிட மிக அதிகமாகப் போனது. 2015இல் சேவை நிறுத்தப்பட்டது. நோயைப் பற்றித் தேடுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லவே!

சிங்கப்பூரில் டெங்கித் தரவு மருத்துவர்களிடமிருந்து வருகிறது. டெங்கி கண்டறியப்பட்டால் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். அதனால் அடித்தளம் உறுதியானது. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு.

வரைபடத்தில் வராதவர்கள் யார்?

டெங்கி தொற்றிய பலருக்கு அறிகுறியே தெரியாது. சிலர் காய்ச்சல் வந்தாலும் இரண்டு மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். சம்பளம் போகும், செலவாகும் என்று மருத்துவரிடம் போகத் தயங்குவோரும் இருக்கலாம். பரிசோதனை இல்லையென்றால் தரவு இல்லை. தரவு இல்லையென்றால் அந்த இடம் கணினிக்குப் பாதுகாப்பான இடமாகவே தெரியும்.

14 நாளுக்குள், 150 மீட்டர் சுற்றளவில் இருவருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ டெங்கி வந்தால் அது ஒரு குழுமம். அந்த இருவரில் ஒருவர் மருத்துவரிடம் போகாவிட்டால்? அங்கே குழுமம் இருப்பதே தெரியாது. பதாகையும் வராது.

ஆக, உங்கள் வட்டாரம் பட்டியலில் இல்லை என்பதற்கு, அங்கே கொசு இல்லை என்று அர்த்தமில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

- காய்ச்சலோடு கடுமையான தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக்கசிவு ஆபத்தை அவை கூட்டும்.
- வீட்டில் காய்ச்சலை "ஒன்னுமில்ல, சரியாயிடும்" என்று சொல்லும் தாத்தா பாட்டி இருந்தால், நீங்களே அழைத்துப் போங்கள்.
- பூந்தொட்டித் தட்டு, வாளி, பூச்சாடித் தண்ணீரைக் கவனியுங்கள். காய்ந்த முட்டைகூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும்.
- சோதனைக்கு வரும் அதிகாரியின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள். அவர் எழுதிக்கொண்டு போவதும் தரவுதான்.

அடுத்த வெள்ளம் எந்தப் பக்கம் வரும் என்று கணினி சொல்லலாம். உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டை அது வந்து கவிழ்க்காது.