மூச்சு முட்டாமலே வரும் ஆபத்து

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த அறை மறந்திருக்காது. மோதிரம், கைக்கடிகாரம், சாவி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே பெரிய உருளை, தடதடவென்ற சத்தம். இந்த அமர்க்களத்தில், பல மருத்துவமனைகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சிறிய பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. 20.9 என்று அது காட்டிக்கொண்டிருக்கும். அறைக் காற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயிர்வாயு என்பதே அந்த எண். பெரும்பாலும் 19.5க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை மணி அடிக்கும்.

படம் எடுக்கும் அறையில் உயிர்வாயு ஏன் குறைய வேண்டும்? காரணம் அந்த உருளைக்குள்தான் இருக்கிறது. அதிலுள்ள காந்தத்தின் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியம் பூஜ்யத்திற்குக் கீழே 269 டிகிரி குளிரில் வைத்திருக்கிறது. பழைய வகை இயந்திரங்களில் அது ஆயிரம் லிட்டருக்கு மேல் இருக்கும். காந்தம் திடீரென்று சூடேறினால் ஹீலியம் முழுவதும் கொதித்து ஆவியாகும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். அதை வெளியேற்றத் தனிக் குழாய் உண்டு. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ உடைந்தாலோ ஹீலியம் அறைக்குள் பாயும்.

ஹீலியம் நஞ்சல்ல. ஆனால் அது நிறைந்தால் காற்றுக்கு இடமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது. மூச்சு முட்டும் உணர்வு, பெரும்பாலும் கரியமில வாயு உடலில் சேர்வதால் வருவது. உயிர்வாயு குறைவதால் வருவதல்ல. ஹீலியத்தைச் சுவாசிப்பவரின் கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். திணறல் இல்லை, வலி இல்லை. திடீரென்று விழுவார்.

இந்தப் பாடத்தை மனிதன் வானத்தில் கற்றான். 1875 ஏப்ரல் 15ஆம் நாள் பிரான்சில் ‘ஜெனித்’ என்ற பலூனில் மூவர் பறந்தனர். உயிர்வாயு கலந்த பைகளையும் கொண்டு சென்றனர். அது போதாது என்று அறிவியலாளர் பால் பெர்ட் எழுதிய கடிதம் உரிய நேரத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 8,000 மீட்டர் உயரத்தை நெருங்கியபோது காஸ்தோன் திசாந்தியேவுக்கு அச்சமே தோன்றவில்லை. உள்ளுக்குள் ஒருவித மகிழ்ச்சிதான். பேச நாக்கு எழவில்லை, குழாயை எடுக்கக் கை அசையவில்லை. அவர் கண் விழித்தபோது சிவெலும் குரோசே-ஸ்பினெல்லியும் பிணமாகக் கிடந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் உயிர்வாயு இருந்தது.

சுரங்கத்திலும் இதே கதைதான். 1815இல் டேவி உருவாக்கிய விளக்கின் சுடர் மங்கினால் தொழிலாளர்கள் வெளியே ஓடினார்கள். கானரிப் பறவையையும் இதற்காகவே வைத்திருந்தார்கள் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது கார்பன் மோனாக்சைடு நஞ்சைக் கண்டுபிடிக்க.

எண்ணாகவே அளந்து காட்டும் கருவி போருக்காகத்தான் பிறந்தது. 1940 அக்டோபரில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு உயிர்வாயுமானி தேவை என்று அமெரிக்க விஞ்ஞானிகளிடம் கேட்கப்பட்டது. உயிர்வாயுவைக் காந்தம் சற்றே ஈர்க்கும் என்று ஃபாரடே 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். லைனஸ் பாலிங் அதைப் பிடித்துக்கொண்டார். காந்தப்புலத்தில் மெல்லிய இழையில் தொங்கும் சிறு கண்ணாடிக் குண்டுகள். உயிர்வாயுவின் அளவுக்கேற்ப அவை திரும்பும். ஆர்னால்டு பெக்மன் அதைத் தயாரித்தார். போருக்குப் பின் அதே கருவி குறைமாதக் குழந்தைகளை வைக்கும் பெட்டிகளுக்கு வந்தது. அங்கே கவலை நேர்மாறானது: உயிர்வாயு மிகுந்தால் பச்சிளங் குழந்தையின் கண் பார்வை போய்விடும்.

1977 ஜூலை 3ஆம் நாள் ரேமண்ட் டமாடியன் குழுவினர் மனித உடலை முதன்முதலாக இவ்வகையில் ஸ்கேன் செய்தபோது, அவர்கள் செய்த காந்தத்தையும் திரவ ஹீலியமே குளிர்வித்தது. அப்படித்தான் நீர்மூழ்கியின் ஆபத்து மருத்துவமனைக்குள் வந்தது. கதவுகூடக் கவனிக்க வேண்டிய ஒன்றாயிற்று. உள்பக்கம் திறக்கும் கதவை, அறைக்குள் வாயு அழுத்தம் ஏறிய பிறகு வெளியிலிருந்து தள்ள எத்தனை பேர் வந்தாலும் கடினம். அதனால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இல்லையேல் அழுத்தத்தைத் தணிக்க வேறு வழி வேண்டும் என்கிறார்கள். உதவுகிறேன் என்று இரும்பு உயிர்வாயு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. 2001இல் நியூயார்க் மாநிலத்தில் அப்படி ஒரு சிலிண்டரைக் காந்தம் இழுத்ததில் ஆறு வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

2018இல் அமெரிக்காவின் இலினாய் மாநில மருத்துவமனை ஒன்றில் நடந்தது வேடிக்கையானது. புதிய இயந்திரம் பொருத்தும்போது கசிந்த ஹீலியத்தால், கட்டடத்திலிருந்த சுமார் 40 ஆப்பிள் கைப்பேசிகளும் கைக்கடிகாரங்களும் செயலிழந்தன. அவற்றின் நேரம் காட்டும் நுண்பகுதிக்குள் ஹீலியம் புகுந்துவிட்டதாம். மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதே 2018இல், ஏழு லிட்டர் ஹீலியத்தை நிரந்தரமாக மூடி வைத்த இயந்திரத்தை பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியது. ஆனாலும் பழைய வகை இயந்திரங்கள் உலகெங்கும் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் அறைச் சுவரிலுள்ள பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு மின்கலம் போன்ற உணரி. உயிர்வாயு பட்டால் அதில் மின்சாரம் உண்டாகும். மணி ஒருமுறைகூட அடிக்காவிட்டாலும், காற்றுப் படப் பட அது தேய்ந்துகொண்டே வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.