அழைக்கப்பட்டோரின் அவை: மதுரை வட்டாரச் சேவைச் சங்கங்களின் வாரக் கூட்டமும் உள்ளூர்ச் சிறப்புரையும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் பொதுப்பேச்சு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அரசியல் மேடையையும் இலக்கிய மேடையையும் மையமாகக் கொண்டவை. ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்கள் வாரந்தோறும் அல்லது மாதம் இருமுறை நடத்தி வந்த கூட்டங்களும் அவற்றில் உள்ளூர் வல்லுநர்கள் ஆற்றிய சிற்றுரைகளும் ஆய்வாளர் கவனத்தை அதிகம் பெறவில்லை. மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் களமாகக் கொண்டு, இக்கூட்டத்தின் அமைப்பு, அதன் பயன், அதன் எல்லை ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கண் சிகிச்சை முகாம்களின் வரலாறு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சேவைச் சங்கம், வாரக் கூட்டம், சிறப்புரை, மதுரை, கண் சிகிச்சை முகாம், பொதுவெளி.

முன்னுரை

மதுரையைப் பேச்சின் நகரம் எனலாம். சங்கம் இருந்து தமிழ் ஆய்ந்த மரபின் நினைவு இந்நகரின் பெயரோடு ஒட்டியே வருகிறது. அண்மைக் காலத்திலும் அரசியல் பொதுக்கூட்டம், பட்டிமன்றம், சமயச் சொற்பொழிவு என மேடை இல்லாத வாரம் மதுரையில் அரிது. அமெரிக்க மானிடவியலர் பெர்னார்ட் பேட் தமிழ் மேடைப் பேச்சைப் பற்றிய தம் கள ஆய்வுக்கு மதுரையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. 2009-இல் வெளிவந்த அவரது நூல், செந்தமிழ் மேடைப் பேச்சு திராவிட அரசியலின் அழகியலாக உருப்பெற்ற விதத்தை விளக்குகிறது.

ஆனால் மேடையும் ஒலிபெருக்கியும் திரண்ட கூட்டமும் இல்லாத மற்றொரு பேச்சும் இதே நகரில் நிகழ்ந்து வந்துள்ளது. ஓர் உணவகத்தின் மாடியிலோ, சங்கத்தின் சொந்தக் கட்டடத்திலோ முப்பது நாற்பது பேர் கூடுவர். உள்ளூர் மருத்துவர், பொறியாளர், வங்கி மேலாளர், வேளாண் அலுவலர், தலைமையாசிரியர் என எவரேனும் ஒருவர் தம் தொழில் பற்றி அரைமணி நேரத்துக்குள் பேசி முடிப்பார். கைதட்டலும் நினைவுப் பரிசும் உணவும் தொடரும். மறுநாள் நாளிதழில் அது பெரும்பாலும் செய்தியாவதில்லை. இந்த எளிய நிகழ்வுக்கு வரலாற்றில் இடம் உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா.

சேவைச் சங்கத்தின் தோற்றமும் மதுரையின் முன்மரபும்

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் தம் நண்பர் மூவருடன் கூடியதே ரோட்டரியின் தொடக்கம். அம்மூவரும் சுரங்கப் பொறியாளர், நிலக்கரி வணிகர், தையல் தொழில் நடத்துபவர் என வெவ்வேறு தொழிலினர். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியதால் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்னும் தொடக்ககால விதி இங்குக் கருதத்தக்கது. ஒரே தொழிலினர் கூடினால் அது வணிகச் சங்கமாகும். வெவ்வேறு தொழிலினர் கூடும்போது, ஒவ்வொருவரும் மற்றவர்க்கு அறியாத செய்தியைச் சொல்லக்கூடியவராகிறார். சிறப்புரை என்னும் வழக்கத்துக்கான தேவை இவ்விதியிலேயே அடங்கியிருந்தது.

இந்தியாவில் கல்கத்தாவில் 1919-இல் ரோட்டரி சங்கம் அமைக்கப்பட்டது. சென்னையில் 1929-இல் தோன்றியது. 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் உருவான லயன்ஸ் இயக்கம் 1956-இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. பின்னர் இரண்டும் மாவட்டத் தலைநகரங்களிலும் வட்டத் தலைநகரங்களிலும் பரவின.

மதுரையைப் பொறுத்தவரை இவ்வமைப்புகள் வெறுநிலத்தில் விதைக்கப்படவில்லை. சௌராஷ்டிர சபை (1895), பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் (1901), மதுரை - இராமநாதபுரம் வர்த்தக சங்கம் (1924) ஆகியவை உறுப்பினர் பட்டியல், செயலர், ஆண்டறிக்கை, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றோடு இயங்கும் சங்க வாழ்வை நகரத்தார்க்கு முன்பே பழக்கியிருந்தன. ஆயினும் அவை முறையே ஒரு சமூகத்தையும் ஒரு மொழியையும் ஒரு தொழில்துறையையும் பிணைப்பாகக் கொண்டவை. தொழில் வேறுபாட்டையே பிணைப்பாகக் கொண்டது சேவைச் சங்கத்தின் புதுமை.

கூட்டத்தின் ஒழுங்கும் பேச்சின் இயல்பும்

ரோட்டரிக் கூட்டத்தின் ஒழுங்கு ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் ஒன்றே. தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார். இறைவணக்கம், தலைவருரை, செயலர் அறிக்கை, பிறந்தநாள் மணநாள் வாழ்த்து ஆகியவற்றுக்குப் பின் சிறப்பு விருந்தினரை ஓர் உறுப்பினர் அறிமுகம் செய்வார். உரை, வினாவிடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண் என்று கூட்டம் நிறைவுறும்.

இவ்வுரைக்கும் மேடைப் பேச்சுக்கும் அடிப்படை வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, இங்கே பேசுபவர் தொழில்முறைப் பேச்சாளர் அல்லர். அவருடைய தகுதி அவர் செய்யும் வேலை. இரண்டாவது, கேட்பவர் பேசுபவரை முன்னரே அறிந்தவர். சிற்றூரில் சிறப்பு விருந்தினர் பலருக்கு மருத்துவராகவோ வாடிக்கையாளராகவோ பிள்ளைகளின் ஆசிரியராகவோ இருப்பார். எனவே மிகைப்படுத்திப் பேச இடம் குறைவு. மூன்றாவது, பேச்சின் முடிவில் வினா உண்டு. மேடைப் பேச்சைக் கேட்டவர் கைதட்டுவார், இங்குக் கேட்டவர் "இதற்கு என்ன செலவாகும்?" என்று கேட்பார். அந்த வினாவில்தான் பேச்சு செயலாக மாறும் வாய்ப்பு இருக்கிறது.

மொழியிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சொற்கள் கலந்த தமிழிலோ, தமிழ்ச் சொற்கள் கலந்த ஆங்கிலத்திலோ இவ்வுரைகள் அமைவது வழக்கம். அறிமுகமும் நன்றியுரையும் ஆங்கிலத்தில் தொடங்கினாலும் வினாக்கள் தமிழிலேயே எழும். மேடைத் தமிழின் ஏற்றமும் அலுவலக ஆங்கிலத்தின் விறைப்பும் இல்லாத இந்த நடுத்தர மொழியில்தான் நீரிழிவு, நிலத்தடி நீர், வருமான வரி, பயிர்க் காப்பீடு போன்ற பொருள்கள் சிற்றூர்ப் பேச்சுக்கு வந்து சேர்ந்தன.

ஓர் உரையிலிருந்து ஒரு முகாம் வரை

விருந்தினர் உரை ஒரு சங்கத்தின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்கு உலகறிந்த சான்று 1925-இல் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துச் சீடார் பாயின்ட் என்னுமிடத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் உரையாற்றினார். பார்வையற்றோருக்கான பணியை ஏற்குமாறு அவர் விடுத்த வேண்டுகோளுக்குப் பிறகே பார்வைப் பாதுகாப்பு லயன்ஸ் இயக்கத்தின் முதன்மைப் பணியாயிற்று.

மதுரையில் இப்பணி தனித்ததொரு வடிவம் பெற்றது. அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918-2006), 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வையிழந்த ஏழை முதியவர்களை மருத்துவமனைக்கு வரச்செய்வதே அன்றைய பெருஞ்சிக்கல். முகாம் முறை அதற்கு விடையாயிற்று. இம்முறையில் பொறுப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இடத்தைத் தேர்தல், பள்ளிக்கூடத்தை அனுமதி பெற்று ஒழுங்கு செய்தல், துண்டறிக்கை, ஒலிபெருக்கி விளம்பரம் ஆகியவை உள்ளூர் அமைப்பின் பங்கு. பரிசோதனை, நோயாளிகளை மதுரைக்கு அழைத்துச் செல்லுதல், கட்டணமில்லா அறுவை சிகிச்சை, தங்குமிடம், உணவு ஆகியவை மருத்துவமனையின் பங்கு. உள்ளூர் அமைப்புகளாக ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களோடு சமய நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் ஆலைகளும் முன்வந்தன.

இப்பொறுப்பேற்பை மதுரையின் மண்டகப்படி மரபோடு ஒப்பிடுவது பொருந்தும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெங்கும் மண்டகப்படிகள் உள்ளன. ஒவ்வொன்றின் செலவையும் ஒரு குடும்பமோ சமூகமோ தொழிற்குழுவோ ஏற்கிறது. ஏற்பவர்க்கு அது கடமையும் பெருமையும் ஆகும். ஒரு நாள் முகாமின் செலவை ஏற்று, பதாகையில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் சங்கத்தின் செயல் இம்மரபுக்கு அயலானதன்று. அமெரிக்காவில் உருவான ஓர் அமைப்பு இப்பகுதியில் எளிதில் வேரூன்றியதற்கு இத்தகைய பழக்கமும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. முகாம் நடத்தலாமா, எங்கே, எப்போது என்னும் முடிவுகள் எடுக்கப்பட வேண்டிய இடம் சங்கக் கூட்டமே. மருத்துவர் விருந்தினராக வந்து பேசுவதும், கேட்டவர்கள் முகாமை ஏற்பதும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள்.

அவைக்கு வெளியே நின்றவர்கள்

இம்முறையின் எல்லையையும் மதுரை வட்டார ஆய்வே வெளிப்படுத்தியது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, அரவிந்த் முகாம்கள் நடைபெற்ற சிற்றூர்களில் கண் குறைபாடு உடையவர்களுள் 7 விழுக்காட்டுக்கும் குறைவானோரே முகாமுக்கு வந்தனர் எனக் கண்டறிந்தது. வராததற்குரிய காரணங்களாக அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு, முதுமையில் பார்வை மங்குவது இயல்பு என்னும் எண்ணம் ஆகியவை சுட்டப்பட்டன. சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்றபோதும் ஒரு நாள் கூலி இழப்பும், துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் செலவுதான்.

இக்காரணங்களைச் சங்கக் கூட்டத்தின் அமைப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உறுப்புரிமை அழைப்பின் பேரிலேயே கிடைத்தது. சந்தாவும் உணவுச் செலவும் கூலித் தொழிலாளியையும் சிறு விவசாயியையும் வாசலிலேயே நிறுத்தின. பெண்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 1989-இல்தான் ரோட்டரி உலகளவில் தன் விதியை மாற்றியது. லயன்ஸ் 1987-இல் மாற்றியது. அதுவரை ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர்க்கு, 1924-இல் மான்செஸ்டரில் தோன்றிய இன்னர் வீல் என்னும் தனி அமைப்பே வழியாக இருந்தது.

கண்புரை பற்றி மருத்துவர் பேசினார். வணிகரும் வழக்கறிஞரும் கேட்டனர். பேரக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு முகாமுக்குப் போவது என்று தயங்கிய மூதாட்டி அந்த அவையில் இல்லை. அவருடைய தயக்கத்தை அறிந்த மருமகளும் இல்லை. அரைமணி நேர வினாவிடையில் "செலவென்ன?" என்னும் வினா எழுந்தது, "ஏன் வரமாட்டார்கள்?" என்னும் வினாவை எழுப்பக்கூடியவர் அழைக்கப்படவில்லை. குறைபாடு உறுப்பினர்களின் நல்லெண்ணத்தில் இல்லை. அவையின் அமைப்பில் இருந்தது.

2004 முதல் அரவிந்த் நிறுவனம் சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்களைத் தொடங்கியது. சிற்றூர்ப் பின்னணி கொண்ட, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் அங்கே பரிசோதனை செய்ய, மருத்துவர் தொலைத்தொடர்பு வழியாக ஆலோசனை வழங்கினார். முகாமுக்கு எட்டாதவர்களை எட்டும் வழி, அவைக்கு வெளியே நின்ற பெண்களின் கை வழியாகவே அமைந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆவணமும் ஆய்வும்

வாரக் கூட்டத்தின் வரலாற்றை எழுதுவதற்குரிய முதன்மைச் சான்று சங்கங்களின் செய்திமடல். இரண்டு அல்லது நான்கு பக்கங்களில் அடுத்த வார விருந்தினரின் பெயர், உரைப்பொருள், வருகைப் பதிவு, வாழ்த்துகள் ஆகியவை அதில் இடம்பெறும். ஆண்டுக்கு ஒரு தலைவர் மாறும் விதியால் ஆவணங்களும் வீடு மாறுகின்றன. பொது நூலகங்கள் இவற்றைச் சேகரிக்க வேண்டிய வெளியீடுகளாகக் கருதுவதும் அரிது. 2016-இல் ரோட்டரியின் சட்டமன்றம் கூட்ட எண்ணிக்கை, வருகை ஆகியவற்றில் சங்கங்களுக்கு நெகிழ்வு அளித்தது. மடல்களும் கைபேசிச் செய்திகளாக மாறி வருகின்றன. ஓர் ஊர் எந்த ஆண்டில் எதைப் பற்றிக் கேட்க விரும்பியது என்பதை வாரவாரியாகக் காட்டக்கூடிய சான்று இது. வறட்சி ஆண்டில் நீரைப் பற்றி யார் பேசினார், போலியோ ஒழிப்புப் பணி தொடங்கியபோது முதலில் எவர் அழைக்கப்பட்டார் என்னும் வினாக்களுக்கு வேறெங்கும் விடை கிடைப்பது கடினம்.

முடிவுரை

மதுரை வட்டாரச் சேவைச் சங்கங்களின் வாரக் கூட்டம், தொழிலறிவை ஊரறிவாக மாற்றிய ஒரு சிறு கருவி. மேடைப் பேச்சின் வீச்சு அதற்கில்லை. ஆனால் பேச்சுக்கும் செயலுக்கும் இடையிலான தொலைவை அது குறைத்தது. கண் சிகிச்சை முகாம்கள் அதன் பயனையும், முகாமுக்கு வராதவர்கள் அதன் எல்லையையும் காட்டுகின்றனர். பேசியவர் பட்டியலைப் போலவே அழைக்கப்படாதவர் பட்டியலும் வரலாற்றின் பகுதியே. முதற்பட்டியல் பழைய செய்திமடல்களில் இன்னும் ஓரளவு எஞ்சியிருக்கிறது. மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் முதலிய ஊர்களின் சங்கங்களிலும் முன்னாள் தலைவர்களின் வீடுகளிலும் உள்ள மடல்களைத் திரட்டி, பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பாதுகாப்பது இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும். இரண்டாம் பட்டியலுக்கு எழுத்தாவணம் இருக்க வழியில்லை. முகாமுக்கு வராத முதியோரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் நேரில் சென்று கேட்டுப் பதிவுசெய்தே அதனை உருவாக்க வேண்டும்.