அருமையும் பஞ்சமும்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் சிலமலை. மேலே கேரளத்தின் ஏலத் தோட்டங்கள். கீழே நம்முடைய ஊர்கள். விடியுமுன்னே ஜீப்புகளில் ஏறித் தோட்ட வேலைக்குச் செல்வோரை அப்பகுதியில் நாள்தோறும் காணலாம். சென்ற கோடையில் அங்கே உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தேன். கல்லூரியில் பயிலும் அவ்வீட்டுப் பெண், ஆங்கில நாளிதழ் ஒன்றை என்னிடம் நீட்டி, “பெரியப்பா, ‘டெர்த்’ என்றால் பஞ்சம் என்று அகராதி சொல்கிறது. இங்கே ஆசிரியர்களுக்கு ‘டெர்த்’ என்று எழுதியிருக்கிறார்கள். சோற்றுக்குத்தானே பஞ்சம் வரும்?” என்று வினவினாள்.

‘பற்றாக்குறை என்று வைத்துக்கொள், அம்மா’ என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆயினும் அச்சொல் என்னை விடவில்லை.

ஆங்கிலத்தில் ‘வார்ம்’ என்பதிலிருந்து ‘வார்ம்த்’ பிறக்கிறது. ‘டீப்’ என்பதிலிருந்து ‘டெப்த்’ பிறக்கிறது. அவ்வாறே ‘டியர்’ என்பதிலிருந்து பிறந்தது ‘டெர்த்’. நாம் விண்ணப்பத்தின் தலைப்பில் ‘டியர் சார்’ என்று எழுதுகிறோமே, அதே ‘டியர்’தான். அன்புக்குரியது என்பது அதன் ஒரு பொருள். விலை மிகுந்தது என்பது மற்றொன்று. ஆகவே ‘டெர்த்’ என்பதன் வேர்ப்பொருள் இல்லாமை அன்று, விலைமிகுதி! ஜெர்மானிய மொழியிலும் விலையேற்றத்தைக் குறிக்கும் ‘டொய்யருங்’ என்னும் சொல் முற்காலத்தில் பஞ்சத்தையும் குறித்தது. 1611ஆம் ஆண்டில் வெளியான ஆங்கில விவிலியத்தில், எகிப்து நாட்டின் ஏழாண்டுப் பஞ்சத்தைக் கூறுமிடத்தில் ‘டெர்த்’ என்ற சொல்லே வருகிறது. பின்னர் விலை என்ற பொருள் தேய்ந்து மறைய, குறைவு என்ற பொருள் மட்டும் எஞ்சியது. அதனால்தான் ஆசிரியர்களுக்கும் நல்ல நூல்களுக்கும் இன்று ‘டெர்த்’ வருகிறது.

தமிழிலும் இவ்விந்தை உண்டு. ‘அருமை மகள்’ என்கிறோம். ‘காண்பதற்கு அரிது’ என்கிறோம். அன்பும் கிட்டாமையும் ஒரே வேரில் நிற்கின்றன. கிடைத்தற்கு அரிய நிலைக்கு ‘அருந்தல்’ என்றொரு சொல்லும் உண்டு. உண்ணுதலைக் குறிக்கும் அருந்தலும் இதுவும் ஒலியால் ஒன்றாயிருப்பது மொழியின் குறும்பு என்றே சொல்ல வேண்டும். இவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது பழஞ்சொல்லாகிய ‘சிறுவிலை’. பஞ்சம் என்பதே அதன் பொருள். கொடுத்த காசுக்குக் கிடைக்கும் தானியம் சிறுத்துப் போகும் காலம் என்று நான் அதற்கு விளக்கம் கொள்கிறேன்.

இது வெறும் சொல்லாராய்ச்சிதானா? சென்னை மாகாணத்தின் வரலாற்றைச் சற்றே திருப்பிப் பாருங்கள். 1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் கூறிய அக்கொடுமை 1878வரை நீடித்தது. மாண்டோர் தொகையை ஐம்பது லட்சத்திற்கும் மேலாக மதிப்பிடுகின்றனர். அந்நாளில் தானியமே இல்லாமற் போயிற்றா? இல்லை. இருப்புப்பாதை வழியாகவும் கடல் வழியாகவும் தானியம் வந்துகொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டும் இருந்தது. (போடிக்கு இருப்புப்பாதை வந்தது 1928இல்தான், அது வேறு கதை.) வயல் காய்ந்தபோது உழவுத் தொழிலாளியின் கூலியும் உடன் காய்ந்தது. விலையோ ஏறிற்று. கடையில் தானியம் இருக்க, வாயிலில் மனிதர் மடிந்தனர்.

நிவாரண வேலைகளை மேற்பார்வையிட 1877இல் வந்தவர் ஸர் ரிச்சர்டு டெம்பிள். முன்னர் 1874இல் பீகாரில் பர்மா அரிசியைத் தருவித்து உயிர்களைக் காத்தவர் இவர்தாம். அதற்குக் கிடைத்த பரிசு, செலவு மிகுதி என்னும் கண்டனம்! அந்தச் சூடு ஆறாமல் சென்னைக்கு வந்தார் போலும். நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசுமே கூலி என்று குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வளவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று வாதாடினார். சில திங்கள் கழித்து அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் வீழ்ந்தவர்களை யார் எழுப்புவது?

பிறகு அமைந்த பஞ்சக் குழு 1880இல் அறிக்கை அளித்தது. நாட்டில் தானியம் இல்லாமையைவிட, வேலையும் அதனால் வரும் கூலியும் இல்லாமையே பெருந்துன்பத்திற்குக் காரணம் என்பதை அது கண்டது. நூறாண்டு கழித்து, 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையையே விரிவாக நிறுவினார். உணவு இருப்பது வேறு. அதைப் பெறும் வலிமை ஒருவனுக்கு இருப்பது வேறு. ‘டெர்த்’ என்ற சொல்லை முதன்முதலில் வழங்கிய ஆங்கிலக் குடியானவன் இதனை அறிந்திருந்தான் என்றே நினைக்கிறேன். அவனுடைய மொழியைப் பேசிக்கொண்டு வந்த அதிகாரிகள்தாம் அறியவில்லை.

மறுநாள் காலையில் அப்பெண்ணிடம் இவற்றைக் கூறினேன். அவள் கேட்டதோ தன் ஊரைப் பற்றி: “அப்படியென்றால் ஏலக்காய்க்கு வந்ததும் ‘டெர்த்’தானே, பெரியப்பா?” 2018 ஆகஸ்டில் மலைமேல் பெருவெள்ளம்; அடுத்த ஆண்டில் மழைக் குறைவு. செடிகள் அழிந்து காய் அருகிற்று. 2019 ஆகஸ்டில், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிற்று. (விற்கும் ஏலம் போர்த்துகீசியர் தந்த சொல், மணக்கும் ஏலம் நம்முடையது.) ஆம், வேர்ப்பொருளில் அதுவும் ‘டெர்த்’தான் என்றேன். சரக்கு கையிருந்தவருக்கு அது நல்ல காலம். செடி போன தோட்டத்தில் காய் பறிக்க ஆள் வேண்டியதில்லையே. ஜீப்பில் ஏறிச் செல்பவருக்கு அது வேலை அருகிய காலம்.

அவள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்தாள். ‘டெர்த்’ என்பதற்கு எதிரே முன்பே எழுதியிருந்த ‘பஞ்சம்’ என்ற சொல்லை அடிக்கவில்லை. அதன்கீழ் ‘சிறுவிலை’ என்று எழுதிக்கொண்டாள்.