சிவப்பைப் போட்டாயிற்று, ஃபாலோ எங்கே?

விடியற்காலையில் பால்மரம் சீவப் போன தொழிலாளிக்கு மாலையில் போக்கிடம் எது? அன்றைய கெடாத் தோட்டங்களில் அதற்கு ஒரே விடைதான் இருந்தது: கள்ளுக்கடை. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கடை. உழைத்த காசு உழைத்த இடத்திலேயே கரைந்தது.

இதை எதிர்த்து எழுந்ததுதான் தொண்டர் படை. 1946-ல் பீடோங் அருகே ஆர்வார்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி அதை வழிநடத்தினார். தொண்டர்கள் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947-ல் காவல்துறையோடு ஏற்பட்ட மோதல்களில் உயிரும் போனது. பிறகு அரசு அந்தப் படையை ஒடுக்கியது.

கடையை மூடு என்றால் போதுமா? வேறு போக்கிடம் வேண்டாமா? அதைக் கொடுத்தவற்றுள் ஒன்று கேரம் பலகை. மண்டபத்திலோ லயத்து வாசலிலோ ஒரு பலகை, தலைக்கு மேலே ஒரு விளக்கு. கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. நான்கு பேர் ஆட, சுற்றி நின்று பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். பெரிய திடல் வேண்டாம், காலணி வேண்டாம். ஏழைக்கு ஏற்ற ஆட்டம்.

பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் குடியேறினார்கள். வீடு கிடைத்தது, கூடி ஆடிய வாசல் கிடைக்கவில்லை.

ஆனால் ஆட்டம் சாகவில்லை. 1988-ல் சென்னையில் அனைத்துலகக் கேரம் கூட்டமைப்பு தோன்றியது. 1991-ல் டில்லியில் முதல் உலகப் போட்டி நடந்தது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் உலக வெற்றியாளராகி, 1996-ல் அர்ஜுனா விருதும் பெற்றார். 2022-ல் எட்டாவது உலகப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? இதே கெடா மாநிலத்து லங்காவித் தீவில்! 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். அவருக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் வழங்கியது.

லயத்து வாசலில் ஆடிய ஆட்டம்தான் இது. நம் பிள்ளைகளுக்கு எட்டாததா?

கேரமில் சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது. அடுத்துத் தன் காய் ஒன்றைப் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. தவறினால் சிவப்பு மீண்டும் பலகைக்கே வந்துவிடும். உலகப் போட்டி நம் மாநிலத்துக்கு வந்தது சிவப்பைப் போட்டதற்குச் சமம். ஃபாலோ நம் கையில் இருக்கிறது. ஆலய மண்டபத்தில் ஒரு பலகை, தமிழ்ப்பள்ளியில் ஒரு பலகை. மாலையில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர் இதிலிருந்து தொடங்கலாம்.